குளிர்காலத்தில் சைக்கிளில் அலுவலகம் செல்ல என்ன உடுத்துவது: நெதர்லாந்தை முன்வைத்து ஒரு பதில்

ஐந்தோவன் நகருக்கு வந்து முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும் கோவைப் பொறியாளர் ஒருவர் கேட்டிருக்கிறார். வெல்ட்ஹோவனில் உள்ள அலுவலகத்துக்கு அவர் தினமும் 7 கிலோமீட்டர் சைக்கிளில் போகிறார். நவம்பரில், கடையில் இருந்ததிலேயே தடித்த இறகு ஜாக்கெட்டை வாங்கி அணிந்துகொண்டார். அப்படியும் அலுவலகம் போய்ச் சேரும்போது முதுகு வியர்வையில் நனைந்து கிடக்கிறது. விரல்களோ பிரேக்கைப் பிடிக்க முடியாத அளவுக்கு விறைத்துப்போகின்றன. இதைவிடத் தடித்த உடை வாங்க வேண்டுமா, அல்லது மார்ச் வரை சைக்கிளை ஓரங்கட்டிவிட்டுப் பேருந்தில் போவதா என்பது அவருடைய கேள்வி.

இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். உடம்பின் நடுப்பகுதிக்கு இப்போது அணிவதைவிட மெல்லிய உடை, கைக்கும் காதுக்கும் இப்போது இருப்பதைவிட நல்ல பாதுகாப்பு, வழியில் திறந்து மூடவும் அலுவலக வாசலில் கழற்றவும் வசதியான ஒரு மேலுறை, இவைதான் அவருக்குத் தேவை. வியர்வையும் விறைப்பும் ஒரே ஆளுக்கு ஒரே பயணத்தில் வருவது முரணாகத் தோன்றலாம். ஆனால் சைக்கிளில் போகிறவருக்கு அதுதான் இயல்பான நிலை. அதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் எதை வாங்குவது, எதை விடுவது என்பது தானாகவே தெளிவாகும்.

முதலில் இந்த ஊரின் குளிர் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். டச்சு வானிலை நிறுவனமான கே.என்.எம்.ஐ. 1991 முதல் 2020 வரையிலான அளவீடுகளைக் கொண்டு தரும் கணக்குப்படி, டி பில்ட் ஊரிலுள்ள அதன் நிலையத்தில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை 3.6 டிகிரி செல்சியஸ். அதாவது, இங்கே குளிர்காலத்தின் பெரும்பகுதி உறைநிலைக்குச் சற்று மேலேயே கழிகிறது. 2021 பிப்ரவரி 7 அன்று பனிப்புயலுக்காகச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டு, அதைத் தொடர்ந்து கடுங்குளிர் நிலவியது போன்ற நாட்கள் அபூர்வம். அத்தகைய ஒரு வாரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அலமாரியை நிரப்புவது வீண்செலவு. பூஜ்ஜியத்துக்கும் 7 டிகிரிக்கும் இடைப்பட்ட ஈரக்குளிர், ஓயாத காற்று, இருட்டு ஆகிய மூன்றையும் சமாளிக்கும் உடையே வேண்டும். டிசம்பர் கடைசியில் சூரியன் காலை முக்கால் ஒன்பது மணியளவில்தான் எழுகிறது, மாலை நான்கரை மணியளவில் மறைந்துவிடுகிறது. ஆகவே போவதும் இருட்டில், வருவதும் இருட்டில்.

மழையின் அளவைச் சொன்னால் நம்மூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இங்கே சுமார் 850 மில்லிமீட்டர்தான். ஆனால் சென்னையில் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே அது பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கிடப்பட்டு, தூறலாகவும் சிறு சாரலாகவும் வந்து வந்து போகும். நம்மூரில் கடைவாசலில் ஒதுங்கி நின்று மழை விடக் காத்திருப்போம். இங்கே அலுவலகத்துக்குப் போகிற எவரும் ஒதுங்குவதில்லை. மழை மேகம் எத்தனை மணிக்குத் தம் தலைக்கு மேல் வரும் என்பதை பாயன்ராடார் என்ற செயலியில் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் தள்ளியோ முந்தியோ கிளம்புகிறார்கள். அந்தப் பழக்கம் ஒரு நல்ல மழைக்கோட்டுக்குச் சமமான பலனைத் தரும், செலவும் இல்லை.

இனி உடம்பின் கணக்குக்கு வருவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அதே ஆள் மணிக்கு 16, 18 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கும்போது, தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் பெடலுக்குப் போகிறது. மீதி முழுவதும் வெப்பமாகிறது. ஆகவே உடல் இப்போது வெளியேற்ற வேண்டிய வெப்பம் மூன்று மடங்கு, எதிர்க்காற்றில் நான்கு மடங்கு ஆகிவிடுகிறது. பேருந்து நிறுத்தத்தில் அசையாமல் நிற்பவருக்காகத் தைக்கப்பட்ட இறகு ஜாக்கெட்டுக்குள் இந்த வெப்பத்தை அடைத்தால், உடலுக்கு வியர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வியர்வை ஜாக்கெட்டின் உட்புறத்தில் தங்குகிறது. நனைந்த இறகு பஞ்சுபோல் உப்பியிருக்கும் தன்மையை இழந்து ஒட்டிப்போகிறது. முதுகுப்பையின் வார்கள் அழுத்தும் இடங்களில் அது முன்பே நசுங்கித்தான் இருக்கும். அலுவலக வாசலில் இறங்கி நின்ற இரண்டாவது நிமிடத்தில் முதுகெல்லாம் சில்லிடுவதற்குக் காரணம் இதுதான். தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பதால், நனைந்த உடை எத்தனை தடிமனாக இருந்தாலும் பயனில்லை.

விரல்களின் கதை இதற்கு நேர்மாறானது. மிதிக்கும்போது உழைப்பது தொடைகள். கைகள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அசையாமல், எல்லாவற்றுக்கும் முன்னால், காற்றின் முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. 2001-இல் அமெரிக்காவும் கனடாவும் ஏற்றுக்கொண்ட, இப்போது இங்கும் பயன்படுத்தப்படும், காற்றால் கூடுதலாக உணரப்படும் குளிரைக் கணிக்கும் சூத்திரத்தின்படி, வெப்பநிலை 0 டிகிரியாக இருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் வீசினால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 5 போல உறைக்கும். மைனஸ் 5 டிகிரி என்றால் மைனஸ் 12 போல. இதோடு சைக்கிளின் சொந்த வேகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐந்தோவனுக்கும் வெல்ட்ஹோவனுக்கும் இடையில், சாலைச் சந்திப்புக்கு மேலே கம்பிவடங்களில் தொங்கும் ஹோவன்ரிங் என்ற வட்டப் பாலத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். காற்றில் வடங்கள் அதிர்ந்த காரணத்தால், அந்தப் பாலத்தை மூடிச் சரிசெய்து 2012-இல்தான் முறையாகத் திறந்தார்கள் என்பதிலிருந்தே அங்கே வீசும் காற்றை ஊகிக்கலாம். கீழே இருக்கும்வரை இதமாக இருந்த கையுறை, அந்த வளைவில் பாதி தூரம் போவதற்குள் காற்றுப் புகும் துணி என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால் ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. வீட்டு வாசலில் இறங்கி நிற்கும்போது சற்றே குளிர வேண்டும். முதல் பத்து நிமிடம் குளிர்ந்து, அதன் பிறகு சமநிலைக்கு வருகிற அளவுக்கு உடுத்தினால் அதுவே சரியான அளவு. வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் மூன்றாவது கிலோமீட்டரில் வியர்க்கும் என்பது உறுதி. இரண்டாவது விதியும் உண்டு. பந்தயச் சைக்கிள்காரர்களுக்கான அறிவுரைகளில் இது இருக்காது, அலுவலகம் போகிறவருக்கோ இதுவே முதன்மையானது: கூடுதல் கதகதப்பை உள்ளே அணியாதீர்கள், மேலே அணியுங்கள். இந்த ஊர் அலுவலகங்களில் 20, 21 டிகிரிக்குச் சூடேற்றி வைத்திருப்பார்கள். அங்கே காற்சட்டைக்குள் தெர்மல் உள்ளாடை அணிந்து நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது தண்டனை. அதைக் கழற்ற உடைமாற்றும் அறையைத் தேட வேண்டும். மேலே அணிந்த காற்றுத்தடுப்புக் காற்சட்டையையோ சைக்கிள் நிறுத்துமிடத்திலேயே கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுவிடலாம்.

உடலோடு ஒட்டிய அடுக்கிலிருந்து தொடங்குகிறேன். ஊரிலிருந்து பெட்டி நிறையக் கொண்டுவந்த பருத்தி பனியன்தான் இங்கே முதல் எதிரி. நம் வெயிலுக்கு அதைப்போல் நல்ல உடை வேறில்லை. வியர்வையை உறிஞ்சி, மெல்ல உலர்ந்து, உடம்பைக் குளிரச் செய்யும். அதே குணம் 3 டிகிரியில் வதையாக மாறுகிறது. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு நனைந்த பனியன், அலுவலகத்தில் காலை பத்து மணிக்கூட்டம் முடியும்வரை உலராமல் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாக மெல்லிய மெரினோ கம்பளிச் சட்டையோ பாலியஸ்டர் சட்டையோ போதும். பாலியஸ்டர் இழை நீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். சீக்கிரம் உலரும், விலையும் குறைவு. ஆனால் இரண்டாம் நாளே நாற்றமடிக்கும். மெரினோ கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை இழைக்குள் வாங்கிய பிறகும் தோலுக்கு நனைந்ததாகத் தெரியாது. நாற்றமும் எளிதில் ஏறாது. என் தேர்வு மெரினோதான். அரிப்புக்கு அஞ்சுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம்; மெரினோவின் நுண்ணிய இழை, பள்ளிக்காலத்து ஊட்டி ஸ்வெட்டரைப்போல் குத்தாது. இரண்டு சட்டைகள் இருந்தால் மாற்றி மாற்றி அணிந்து ஒரு குளிர்காலத்தைக் கடத்தலாம். அலுவலகச் சட்டையை மடித்துப் பையில் கொண்டுபோய் அங்கே அணிவதா, இதன் மேலேயே அணிந்து போவதா என்பது உங்கள் வேகத்தைப் பொறுத்தது. டச்சுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, வியர்க்காத வேகத்தில், அலுவலக உடையிலேயே போகிறார்கள். 7 கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் நீங்களும் அப்படியே போகலாம். வேகத்தைக் குறைப்பதும் உடைத் தேர்வின் ஒரு பகுதியே.

நடு அடுக்குக்கு மெல்லிய ஃப்ளீஸோ (பஞ்சுபோன்ற செயற்கைத் துணி மேலாடை) கம்பளி ஸ்வெட்டரோ போதும். கழுத்தில் ஜிப் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். 5 டிகிரிக்கு மேல் இருக்கும் நாட்களில் இந்த அடுக்கே பெரும்பாலும் தேவைப்படாது. வெளி அடுக்கைத் தேர்வதில்தான் உண்மையான கவனம் வேண்டும். மார்பிலும் கைகளின் முன்புறத்திலும் காற்றுப் புகாத துணி, முதுகில் காற்றோட்டமுள்ள துணி, அக்குளில் திறக்கும் ஜிப், குனிந்தாலும் இடுப்பை மூடும் நீண்ட பின்பக்கம், மணிக்கட்டில் இறுக்கும் பட்டை ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். கடையில் அணிந்து பார்க்கும்போது நின்றபடி பார்த்தால் போதாது. ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் இரு கைகளையும் முன்னே நீட்டிப் பாருங்கள். மணிக்கட்டு வெளியே தெரிந்தால் அந்த ஜாக்கெட் உங்களுக்கானதல்ல.

மழைக்கோட்டை இதிலிருந்து தனியாக வைத்திருப்பதே நல்லது. நீர்புகாத் துணிகளில் 5,000, 10,000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள்; அத்தனை உயர நீர்த்தூணின் அழுத்தத்தைத் தாங்கும் என்பது அதன் பொருள். நிமிர்ந்து உட்கார்ந்து அரை மணி நேரம் போகிறவருக்கு 5,000 போதும், 10,000 இருந்தால் மேல். அதைவிட முக்கியம், தையல்களின் உட்புறத்தில் பட்டை ஒட்டப்பட்டிருக்கிறதா என்பது; நீர் புகுவது பெரும்பாலும் தையல் வழியேதான். 1969-இல் ராபர்ட் கோர் கண்டறிந்த முறையில் பிறந்த கோர்-டெக்ஸ் போன்ற மென்படலங்கள் மழையை வெளியே நிறுத்தி, வியர்வையின் ஆவியை வெளியே விடும் என்பது உண்மை. ஆனால் விளம்பரத்தில் தெரிகிற அளவுக்கு அல்ல. வெளித்துணி நனைந்து ஊறிவிட்டால் ஆவி வெளியேறும் வழி அடைபடும். மூன்று மடங்கு வெப்பத்தை உண்டாக்கும் ஒருவரை எந்தப் படலமும் முழுமையாக உலர்வாக வைத்திருக்காது. ஆகவே விலையுயர்ந்த படலத்தைவிட, அக்குள் ஜிப்பும் முன்பக்கம் தளர்த்தும் வசதியும் உள்ள நடுத்தர விலை கோட்டையே நான் பரிந்துரைப்பேன். கோட்டோடு வரும் தலைமூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: தலையோடு சேர்ந்து திரும்பாத மூடி, பின்னால் வரும் வண்டியைப் பார்க்க விடாது. இறுக்கும் கயிறு இல்லாத மூடியை வாங்காதீர்கள். கண்ணாடி அணிபவர்கள் அதற்குள் விளிம்புள்ள ஒரு மெல்லிய தொப்பி அணிந்தால் மழைத்துளி கண்ணாடியில் விழாது.

ஹேண்டில்பாரையும் சேர்த்து மூடும் போன்சோ, அதாவது தலைவழியே மாட்டும் தொளதொளப்பான மழையுடை, மெதுவாகப் போகிறவருக்கு நல்ல உடை. கீழே காற்றோட்டம் இருப்பதால் வியர்க்காது, தொடையும் நனையாது. ஆனால் பக்கக்காற்றில் அது பாய்மரம்போல் விரிந்து வண்டியைத் தள்ளும். ஹோவன்ரிங் போன்ற உயரமான இடங்களையும் திறந்த வயல்வெளிகளையும் கடக்கிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு மழைக்காற்சட்டைதான். ஷூவைக் கழற்றாமலே அணிய வசதியாகக் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஜிப் உள்ளதாக இருக்கட்டும். சைக்கிளில் முதலில் நனைவது தொடையின் மேற்பகுதியும் முழங்காலும். ஆகவே தொடையின் முன்பக்கத்தை மட்டும் மூடி, இடுப்பில் சுருட்டி வைத்துக்கொள்ளும் அரை உறைகளும் இங்கே கிடைக்கின்றன. தூறலுக்கு அவை போதும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். தடித்த பருத்தியான அது நனைந்தால் மாலைவரை உலராது, தொடையோடு ஒட்டிக்கொண்டு குளிரை ஏற்றும். சைக்கிளில் முழு நீள மட்கார்டு இல்லையென்றால் இத்தனை உடைகளும் பாதிப் பலனையே தரும். பின்சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுநீர் கீழிருந்து முதுகுக்கு வரும். அதை எந்த மழைக்கோட்டும் எதிர்பார்த்துத் தைக்கப்படுவதில்லை.

இப்போது கைகள். முதல் செலவு எதற்கு என்று கேட்டால், தயங்காமல் கையுறைக்கு என்பேன். விறைத்த விரலால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க முடியாது. மற்ற குறைகள் அசௌகரியம், இது ஆபத்து. வெளிப்புறம் காற்றுப் புகாததாகவும், உட்புறம் மெல்லிய கம்பளியாகவும் இருக்கட்டும். விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் வெப்பம் தங்கும். அதனால் ஐந்து விரல் கையுறையைவிட இரண்டிரண்டு விரல்களைச் சேர்த்து வைக்கும் பிளவுக் கையுறை கதகதப்பானது, பிரேக்கையும் இயக்கலாம். இறுக்கமான கையுறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இரத்தவோட்டத்தை நெருக்கி விரலைக் குளிரவைக்கும். அணிந்தபடி முஷ்டியை மடக்கிப் பாருங்கள், விரல்நுனி அழுந்தினால் ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். இதற்கும் மேலே ஒரு வழி உண்டு. ஹேண்டில்பாரிலேயே பொருத்திவிடும் பெரிய கையுறைகள். அவற்றுக்குள் கையை நுழைத்தால், மெல்லிய கையுறையோடும் மைனஸ் குளிரைச் சமாளிக்கலாம். பார்க்க விசித்திரமாக இருக்கும் என்று பலர் தயங்குகிறார்கள். மின்சைக்கிளில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் டச்சுத் தாய்மார்கள் தயங்குவதில்லை. மழையில் போகும்போது கோட்டின் கைப்பகுதி கையுறைக்கு மேலே வர வேண்டும். மாறாக இருந்தால் கோட்டில் வழியும் நீர் அப்படியே கையுறைக்குள் இறங்கிவிடும். நல்ல கையுறை அணிந்தும் விரல்கள் வெளுத்து மரத்துப்போய், பிறகு நீலமாகிச் சிவந்து வலித்தால் அது உடையின் குறையாக இல்லாமல் இருக்கலாம். குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள்.

கால்களுக்கு இரண்டு சாக்ஸ் அணியும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. ஷூவுக்குள் கால் நெருக்கப்பட்டால் கையுறைக்குச் சொன்ன அதே கதிதான் காலுக்கும். கம்பளி சாக்ஸ் ஒன்று போதும். கால்விரல்களை ஷூவுக்குள் அசைக்க இடம் இருக்க வேண்டும். மழையிலும் கடுங்குளிரிலும் ஷூவுக்கு மேலே ஓர் உறை அணியுங்கள். அலுவலக ஷூவை மேசைக்கடியிலேயே வைத்துவிட்டு, நீர்புகாத குட்டை பூட்ஸில் போய்வருவது இன்னும் எளிது.

காதுகளை மூடும் மெல்லிய கம்பளிப் பட்டையோ, ஹெல்மெட்டுக்குள் பொருந்தும் மெல்லிய குல்லாவோ அணியுங்கள். தடித்த குல்லாவின் மேல் ஹெல்மெட்டை வைத்தால் அது தலையில் சரியாக உட்காராது. சாதாரண சைக்கிளுக்கு இங்கே ஹெல்மெட் கட்டாயமில்லை, டச்சுக்காரர்களில் பெரும்பாலோர் அணிவதுமில்லை. ஆனாலும் இந்த ஊர்ப் போக்குவரத்தும் ஈரச் சாலையும் பழகாத முதல் குளிர்காலத்தில் அணியும்படியே நான் வற்புறுத்துவேன். கழுத்துக்கு நீண்ட மஃப்ளர் வேண்டாம், குழாய்போல் தலைவழியே மாட்டும் துணி போதும். இதையே பெண்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சல்வார் அணிந்து போகிறவர்கள் துப்பட்டாவைப் பையில் வைத்துவிட்டு, அலுவலகத்தில் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கோட்டின் கீழ் அது நழுவித் தொங்குவது மிதிக்கிறவருக்குத் தெரியாது. டச்சு சைக்கிள்களில் பின்சக்கரத்தின் இருபுறமும் கோட்டும் பாவாடையும் சிக்காமல் காக்கும் மறைப்பும், சங்கிலியை முழுதாக மூடும் உறையும் பெரும்பாலும் இருக்கும். பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் அவை உடையாமல் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மேலே சொன்னவை எல்லாம் மிதித்து வெப்பம் உண்டாக்குகிறவருக்குப் பொருந்தும். மிதிக்காதவர் ஒருவரும் பல வீடுகளில் அதே சைக்கிளில் இருக்கிறார். அலுவலகம் போகும் வழியில் காப்பகத்தில் விடுவதற்காக முன் இருக்கையிலோ பின் இருக்கையிலோ உட்காரவைக்கும் குழந்தை, அதே காற்றை வாங்கிக்கொண்டு அசையாமல் இருக்கிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உடம்பு சூடாகிவிட்டது என்பதால் குழந்தைக்கும் குளிராது என்று எண்ணிவிடக் கூடாது. உங்களுக்கு வேண்டாம் என்று நீங்கள் ஒதுக்கிய அந்தத் தடித்த உடை குழந்தைக்குத்தான் வேண்டும்: முழு உடலையும் மூடும் பனியுடை, விரல்களைப் பிரிக்காமல் மூடும் கையுறை, முன் இருக்கையாக இருந்தால் காற்றுத்தடுப்புக் கண்ணாடி. வாசலில் நிறுத்தியதும் குழந்தையின் கழுத்துக்குப் பின்புறம் கைவைத்துப் பாருங்கள்; அங்கே சில்லென்று இருந்தால் அடுத்த நாள் இன்னோர் அடுக்கு வேண்டும். மோட்டார் உதவியுள்ள மின்சைக்கிளில் போகிற பெரியவர்களுக்கும் இதில் ஒரு பாதி பொருந்தும். மோட்டார் மணிக்கு 25 கிலோமீட்டர்வரை உதவுவதால் காற்று அதிகம், உழைப்புக் குறைவதால் வெப்பம் குறைவு. சாதாரண சைக்கிளுக்குச் சொன்னதைவிட ஓர் அடுக்கு கூடுதலாகவே அவர்கள் அணிய வேண்டும்.

இருட்டைப் பற்றி. ஒளிரும் மஞ்சள் மேலுடை பகலிலும் அந்தி வெளிச்சத்திலும் நன்றாகத் தெரியும். இரவில் அந்த நிறத்துக்குச் சிறப்பு ஏதுமில்லை, ஏனெனில் அது ஒளிர்வதற்குச் சூரியனின் புறஊதாக் கதிர்கள் வேண்டும். டிசம்பரில் உதவுவது வண்டி விளக்கைத் திருப்பி அனுப்பும் பிரதிபலிப்புப் பட்டைதான். அதை மார்பில் மட்டும் அணிவதைவிடக் கணுக்காலில் கட்டுவது மேலானது. மேலும் கீழுமாக அசையும் இரண்டு கோடுகளைக் கண்டதும் சைக்கிள் மிதிக்கும் மனிதர் என்று ஓட்டுநர் உடனே உணர்ந்துகொள்வார். முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் சட்டப்படி கட்டாயம், அவை மினுக்கக் கூடாது. விளக்கை மார்பிலோ முதுகிலோ உடையில் மாட்டிக்கொள்ளவும் சட்டம் அனுமதிக்கிறது. அப்படி மாட்டினால் முதுகுப்பை அதை மறைக்கிறதா என்று பாருங்கள். சைக்கிளில் பொருத்திய பின்விளக்கை நீண்ட மழைக்கோட்டின் வால் மறைக்கிறதா என்பதையும் பாருங்கள். முதுகுப்பையையே விட்டுவிட்டு, கேரியரில் தொங்கும் பைக்கு மாறுவது இதற்கும் நல்லது, முதுகு வியர்வைக்கும் நல்லது. கேள்வி கேட்டவருக்கு முதுகு நனைவதில் பாதி அந்த ஒரே மாற்றத்தில் தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

வாங்கும் வரிசை: முதலில் கையுறை, அடுத்து மழைக்காற்சட்டையும் கோட்டும், பிறகு மெரினோ சட்டை, கடைசியில்தான் காற்றுத்தடுப்பு ஜாக்கெட். டெகாத்லான் போன்ற கடைகளின் நடுத்தர விலைப் பொருட்களே இந்தத் தூரத்துக்குப் போதும். பழைய பொருள் விற்கும் கடைகளில் நல்ல கம்பளி ஸ்வெட்டர்கள் மலிவாகக் கிடைக்கும். வேலைக்குப் போய்வரும் தூரத்துக்குக் கிலோமீட்டருக்கு 23 சென்ட்வரை நிறுவனம் வரியில்லாமல் தரலாம் என்று 2024-இல் வரம்பு உயர்த்தப்பட்டிருக்கிறது. உங்கள் நிறுவனம் சைக்கிளுக்கும் அதைத் தருகிறதா என்று கேளுங்கள். தந்தால், 14 கிலோமீட்டருக்கு நாளொன்றுக்கு 3 யூரோவுக்கு மேல் வரும், உடைக்கான செலவு ஒரே குளிர்காலத்தில் ஈடாகிவிடும். ஏற்கெனவே வாங்கிய இறகு ஜாக்கெட்டை விற்க வேண்டாம். வார இறுதியில் சந்தைக்கு நடந்துபோகவும் ரயிலுக்குக் காத்திருக்கவும் அதைவிட நல்ல உடை இல்லை.

பயணத்தின் கடைசிக் கிலோமீட்டரில் வேகத்தைக் குறைத்து, ஜிப்பைத் திறந்துவிடுங்கள். நின்ற பிறகும் சில நிமிடங்கள் உடல் வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். காற்று நின்றுவிடுவதால் அப்போதுதான் வியர்வை பொங்கும். அந்த வெப்பத்தைச் சாலையிலேயே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். போனதும் கையுறையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, கோட்டை விரித்துத் தொங்கவிடுங்கள்; பைக்குள் சுருட்டி வைத்த ஈரக் கையுறையை மாலையில் அணிவதைப்போல் கொடுமை வேறில்லை. மழைக்கோட்டைத் துவைக்கும்போது துணி மென்மையூட்டிகளைச் சேர்க்காதீர்கள்; நீர்த்துளியை உருட்டிவிடும் மேற்பூச்சு அதனால் கெடும். அந்தப் பூச்சு மங்கினால், துணியில் உள்ள குறிப்பு அனுமதிக்கிற அளவில் உலர்த்தியில் மிதமான சூட்டில் போட்டெடுத்தால் ஓரளவு மீளும். மெரினோவை 30 டிகிரியில் கம்பளிக்கான சோப்பில் துவைத்து, கோடைக்கு எடுத்துவைக்கும் முன் நன்றாக உலர்த்தி மூடிய பையில் வையுங்கள், இல்லையென்றால் பூச்சி அரித்துவிடும்.

உடையால் தீராத ஒன்று உண்டு, அது கண்ணாடிபோல் சாலையில் படியும் பனிக்கட்டி. நகராட்சிகள் சைக்கிள் பாதைகளிலும் உப்பு தூவுகின்றன, ஆனாலும் கீழேயும் குளிர்காற்று ஓடும் பாலங்கள் மற்ற இடங்களுக்கு முன்பே உறைந்துவிடும். வழுக்கலுக்காக கே.என்.எம்.ஐ. ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்த காலையில் மேலே சொன்ன எதையும் அணிய வேண்டாம். பேருந்தில் போங்கள், அல்லது வீட்டிலிருந்தே வேலை செய்வதாகச் சொல்லிவிடுங்கள்.